ஒன்பது முறை கொல்லப்பட்டவர்

"கொஞ்சம் கீழ இறக்குங்க தம்பி. அங்க எலும்புதான் இருக்கு. அங்க பிடிச்சா எவனும் சாக மாட்டான்."

"இங்கயா, ஐயா?"

"இன்னும் ஒரு விரல். ஆங், அங்கதான். இனிமே நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க, நான் பாட்டுக்குச் செத்துக்கறேன்."

பாயில் மல்லாந்து கிடந்த கிழவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் கழுத்தில் கயிறு கட்டி ஓர் அட்டை தொங்கியது: 'இறந்தவர்'. அவர்மேல் குனிந்திருந்தவர் கழுத்திலும் ஓர் அட்டை: 'கொன்றதாகச் சொல்லப்படுபவர்'.

கொன்றதாகச் சொல்லப்படுபவர் பல்லைக் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் திரண்டு மூக்கு நுனிவரை வந்து நின்றது. தொண்டையிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது.

"நிறுத்துங்க" என்றார் கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டைரக்டர் உகாய். கோட்டுப் பையிலிருந்து வயிற்று மருந்துப் பொட்டலத்தை எடுத்து, பொடியை நாக்கில் கொட்டி, தண்ணீர் இல்லாமல் விழுங்கினார். "இது பத்தொன்பது."

காலையிலிருந்து இதுதான் நடக்கிறது. படத்தின் கடைசிக் காட்சி. கொலைகாரன் பிடிபட்டுவிட்டான். போலீஸ் அவனை இடுப்புக் கயிற்றோடு அதே அறைக்கு அழைத்து வந்து, எப்படிச் செய்தாய், செய்து காட்டு என்கிறது. செத்தவருக்குப் பதிலாக ஒரு போலீஸ்காரர் படுத்துக்கொள்கிறார். நிஜத்திலும் இப்படித்தான் செய்வார்கள். புகைப்படம் எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். கொலைகாரனின் மனசுக்குள் என்ன இருந்தது என்பது இந்த ஒரு காட்சியில் தெரிந்துவிட வேண்டும் என்பது உகாயின் கணக்கு. இரண்டு மணி நேரப் படம் இதற்காகத்தான்.

"மூணே முக்காலுக்கு ஜன்னல்ல வெயில் போயிரும்" என்றார் உகாய். விளக்குப் போட்டு எடுக்க மாட்டார். அது பொய் வெளிச்சமாம். "நாளைக்குக் காலையில நம்ம கொலைகாரன் சயாமா டோக்கியோ போகணும், அங்க நாடகம் இருக்கு. இன்னைக்கு வரலைன்னா இந்தக் காட்சியே வேண்டாம். கடலைக் காட்டிப் படத்தை முடிச்சிடறேன்."

கிடந்தவர் ஒரு கண்ணைத் திறந்தார். "கடலா?"

"கடல்தான்."

"கடல எல்லாரும் பாத்திருக்காங்களே, டைரக்டர் சார்."

உகாய் ஜன்னல் வெயிலைப் பார்த்தார்.

கிடந்தவர் பெயர் குரெமட்சு யசுஜி. எங்கள் நமெரிகாவா ஊரில் போலீஸ்காரராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஒருவரையும் கைது செய்ததில்லை. ஒரு முறை ஒரு வாத்தைப் பிடித்தார். மாலைக்குள் அதன் சொந்தக்காரர் வந்து வாங்கிப்போனார். ஆனால் ஒன்பது முறை கொல்லப்பட்டார். இருபத்தாறு முறை அவர்மேல் லாரியோ காரோ மோதியது. நான்கு முறை படகிலிருந்து தள்ளிவிடப்பட்டார். அதில் ஒன்று பிப்ரவரி மாதத்தில்.

காரணம் அவருடைய உடல்வாகுதான். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. செத்தவர் யாராக இருந்தாலும் பொருந்தினார். ஒரு முறை செத்தது மீன் சந்தைப் பெண். தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்தார், அதுவும் பொருந்தியது. மற்ற போலீஸ்காரர்கள் பிணமாகக் கிடக்கும்போது மூக்கைச் சொறிவார்கள். அவர் சொறிய மாட்டார். பக்கத்து ஊர் நிலையங்கள் கடிதம் எழுதி அவரை இரவல் வாங்கின. ஒரு தடவை உண்மையாகவே தூங்கிப்போனார். கொலைகாரன்தான் தோளைத் தொட்டு எழுப்பி, "முடிஞ்சிருச்சுங்க" என்றான்.

நீதிமன்றத்துக்குப் போன எல்லாப் படங்களிலும் அவர் இருக்கிறார். முகம் மட்டும் இல்லை. ஒன்றில் கொன்றவனின் முதுகு மறைத்தது. ஒன்றில் அட்டை மேலேறிவிட்டது. ஒன்றில் மேசைக்கால். ஓய்வு பெற்ற அன்று நிலையத்தில் அந்தப் படங்களின் பிரதிகளை ஓர் ஆல்பமாக ஒட்டிக் கொடுத்தார்கள். அவர் மனைவி ஃபுசாயே கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் புரட்டினாள்.

"இதெல்லாம் நீங்கதான்னு எப்படிங்க நம்பறது?"

"காலுறையப் பாரு. கட்டைவிரல்கிட்ட நீ தைச்சது."

ஃபுசாயே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "ஆமா. காலுறை நல்லா விழுந்திருக்கு."

அதற்குப் பிறகு நான்கு வருடம் அந்த ஆல்பத்தை யாரும் திறக்கவில்லை. இலையுதிர் காலத்தில் உகாய் வந்தார். படத்துக்கு ஒரு பிணம் தேவை, நிஜமான போலீஸ் பிணம், என்று விசாரித்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று குரெமட்சுவின் முகத்தையே பார்த்தார். "இந்த முகம் வேணும். கேமரா முதல்ல இந்த முகத்துல நிக்கும், அப்புறம்தான் கொலைகாரன்" என்றார். ஃபுசாயே அன்று மாலையே மகளிர் சங்கத்தில் சொல்லிவிட்டாள். படம் வெளிவரும் அன்று டொயாமா நகரத் தியேட்டருக்குப் போக முப்பது பேருக்கு பஸ் ஏற்பாடாகிவிட்டது.

அதனால்தான் கடல் என்றதும் குரெமட்சு கண் திறந்தார்.

உகாய் சாதாரண ஆள் இல்லை. படத்தில் யாரும் திறக்காத அலமாரி இழுப்பறைக்குள்கூட கதை நடக்கும் வருடத்துச் செய்தித்தாளை விரித்து வைத்தவர். கொலைகாரனாக நடிக்கும் சயாமாவுக்குத் தனிமை பழக வேண்டும் என்று, படப்பிடிப்புக்கு முன்னால் மூன்று வாரம் இதே அறையில் தனியாகத் தங்கச் சொன்னார். யாரிடமும் பேசக்கூடாது. சவரம் கூடாது. டின்னில் அடைத்த மீன் மட்டும்தான் சாப்பாடு. மனித வெறுப்பு தானாக ஊறும் என்றார்.

முதல் வாரம் சயாமா தாடியோடு ஜன்னலில் உட்கார்ந்து தெருவை முறைத்தார். இரண்டாவது வாரம் கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு சட்டி குழம்பு கொண்டுவந்து வைத்தார்கள். பாவம், யாருமில்லாத பிள்ளை. எதிர்வீட்டில் ஊறுகாய் கொடுத்தார்கள். மீன் சந்தையிலிருந்து மிசோ என்ற சோயா விழுதில் பிசைந்த கணவாய் வந்தது. பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க முடியாமல் சயாமா ஒவ்வொரு வீட்டுக்கும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார். போன இடத்தில் குளிக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் முடிந்து உகாய் கதவைத் திறந்தபோது கொலைகாரன் நான்கு கிலோ ஏறியிருந்தான். கன்னம் பளபளத்தது. அவனுக்குப் பெண் பார்க்கிறோம் என்று இரண்டு வீட்டிலிருந்து பெண்ணின் புகைப்படம் வேறு வந்திருந்தது.

அந்தக் கன்னத்தில்தான் இப்போது உகாய் வெறுப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்கு ஃபுசாயே வந்தாள். சோற்று உருண்டைகளைக் கடற்பாசித் துருவலில் புரட்டி மூன்று அடுக்குப் பெட்டியில் கொண்டுவந்திருந்தாள். தாழ்வாரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து இருபதாவது முறையைப் பார்த்தாள். சயாமா உறுமினார்.

"இந்தத் தம்பிக்கு வயிறு சரியில்லையா?"

"நிறுத்துங்க" என்றார் உகாய். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "அது ஆத்திரம்மா. ஆத்திரமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வருது."

"சேர்ந்தா வருது? எனக்கு என்னவோ முக்கற மாதிரி இருந்துச்சு."

சயாமா அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இவரைக் கொன்னவங்க யாரும் இப்படி முக்கலையே" என்றாள் ஃபுசாயே. "என்னங்க, அந்த வலைக்காரர் எப்படி இருந்தாரு? சொல்லுங்களேன்."

குரெமட்சு எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவினார். "சும்மா இரு ஃபுசாயே. அவங்க டோக்கியோவுல படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாததா."

"முப்பத்தோரு வருஷம் சோறு ஆறறது தெரியாம என்கிட்ட சொன்னீங்கல்ல? அதை இவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, தொண்டையில முள்ளா குத்துது?"

உகாய் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "எந்த வலைக்காரர்?"

குரெமட்சு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வலை தைக்கிறவரு. பங்காளியக் கொன்னுட்டாரு. எப்படிச் செஞ்சே, காட்டுன்னதும் என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. ரெண்டு கையையும் ஊதி ஊதித் தேய்ச்சுக்கிட்டாரு. 'மன்னிக்கணும், கை சில்லுனு இருக்கும்'னாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"முடி திருத்தறவரு ஒருத்தரு. அன்னைக்கு மேசை சுவரை ஒட்டி இருந்துச்சு, இப்ப ரெண்டு விரல் தள்ளி இருக்குன்னாரு. பரவாயில்ல ஆரம்பின்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. மாட்டேன்னுட்டாரு. தப்பாச் செய்யறது எனக்குப் பிடிக்காதுன்னாரு. மேசைய நகர்த்தின பிறகுதான் என்னைக் கொன்னாரு."

சயாமா ஜன்னலை விட்டுத் திரும்பியிருந்தார். "யாரும் அழலையா, ஐயா?"

"ஒருத்தர் அழுதாரு. அட்டைக் கயிறு என் கழுத்தை அறுக்குதேன்னு."

"மன்னிப்பு எல்லாரும் கேட்டாங்கல்ல" என்று எடுத்துக் கொடுத்தாள் ஃபுசாயே.

"எல்லாரும் கேட்டாங்க."

"செத்தவர்கிட்டயா?" என்றார் உகாய்.

குரெமட்சு கொஞ்சம் யோசித்தார். "இல்லைங்க. என்கிட்ட. செத்தவர் பேச்சை யாரும் எடுக்கல. நான்தான் எதிர்ல படுத்திருந்தேன்."

உகாய் மருந்துப் பொட்டலத்தைப் பிரித்த கையோடு அப்படியே இருந்தார்.

"மூணு பேரு ஜெயில்ல இருந்து வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை போடறாங்க" என்றாள் ஃபுசாயே. "போன வருஷம் வலைக்காரர் எழுதியிருந்தாரு. 'இந்த வருடம் பனி அதிகம் என்று கேள்விப்பட்டேன். கழுத்தைக் கம்பளியால் சுற்றிக்கொள்ளவும்.' எங்க வீட்டு மருமகனுக்குக்கூட அந்த அக்கறை கிடையாது. சார், அது உப்பு இல்ல."

உகாய் மருந்துப் பொடியைச் சோற்று உருண்டைமேல் தூவியிருந்தார். கடித்தும்விட்டார். மென்று விழுங்கிவிட்டு எழுந்தார்.

"சயாமா. ஆத்திரம் வேண்டாம். கண்ணீர் வேண்டாம். கையை ஊது. மன்னிப்புக் கேளு. அவ்வளவுதான்."

"உறுமல்?"

"அதையும் உங்க ஊருக்கே எடுத்துட்டுப் போயிரு."

ஒன்றரைக்கு மறுபடி ஆரம்பித்தார்கள். குரெமட்சு படுத்தார். கேமரா முதலில் அவர் முகத்தில் நின்றது. சயாமா பக்கத்தில் வந்து மண்டியிட்டார். இரண்டு கைகளையும் ஊதித் தேய்த்தார். அக்கம்பக்கத்தில் ஆரஞ்சு கொடுத்த அதே முகம், பணிவான, பளபளப்பான முகம். அது இப்போது பயங்கரமாக இருந்தது.

"மன்னிக்கணும்" என்றார் சயாமா தாழ்ந்த குரலில். "கை சில்லுனு இருக்கும்."

"அட, பரவாயில்லைங்க" என்றது பிணம்.

"நிறுத்துங்க!"

குரெமட்சு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "தானா வந்துருச்சு. மன்னிக்கணும்."

"பரவாயில்லைங்க ஐயா" என்றார் சயாமா.

"சார், நிஜத்துல நான் பதில் சொல்லுவேன்" என்றார் குரெமட்சு. "ஒருத்தர் மன்னிப்புக் கேக்கும்போது எப்படிச் சும்மா கிடக்கறது?"

"நிஜம்தான். ஆனா இவ்வளவு நிஜம் வேண்டாம்" என்றார் உகாய். "பிணம் பேசினா ஜனங்க சிரிச்சிருவாங்க. ரெண்டு மணி நேரம் பயமுறுத்திட்டுக் கடைசியில சிரிக்க விட்டா நான் வெளியில தலை காட்ட முடியாது."

இருபத்திரண்டாவது முறை குரெமட்சு பேசவில்லை. ஆனால் மன்னிக்கணும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தலை தானாக இரண்டு முறை ஆடியது. கிடந்தபடியே வணக்கம் சொன்ன மாதிரி இருந்தது. இருபத்து மூன்றில் தலையை ஆட்டவில்லை. முகம் மட்டும், பரவாயில்லை என்று, மெல்ல மலர்ந்தது. கொலையுண்டவர் சந்தோஷமாக இருப்பதாக ஆகிவிட்டது. இருபத்து நான்கில் உகாய் ஓர் ஊறுகாய்ப் பிளம் பழத்தை அவர் வாயில் அடைக்கச் சொன்னார். மன்னிக்கணும் என்றதும் அவசரத்தில் கொட்டையை விழுங்கிவிட்டார்.

இருபத்தைந்தாவது முறைக்கு முன்னால் ஃபுசாயே அருகே வந்து குனிந்தாள்.

"பஸ் சொல்லியாச்சுங்க. முப்பது பேரு."

"தெரியுது."

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் மரியாதை இல்லாத ஆளா இருங்களேன்."

"முயற்சி பண்றேன்."

முயற்சி செய்தார். கைகளைத் தொடையோடு இறுக்கி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, கல்லாகக் கிடந்தார். சயாமா கையை ஊதினார். மன்னிக்கணும் என்றார். பிணம் அசையவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. உகாய் இருக்கையின் நுனிக்கு வந்தார்.

சயாமாவின் கை கழுத்துக்குப் போகவில்லை. பாதி வழியில் நின்றது.

"மன்னிக்கணும்" என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க.

பதில் இல்லை.

"ஐயா? கேட்டுச்சுங்களா? மன்னிக்கணும்னு சொன்னேன்."

"நிறுத்துங்க. சயாமா, என்னய்யா?"

"முடியல சார்." சயாமாவின் நெற்றியில் வேர்வை நின்றது. அன்று முழுக்க நடிப்பில் வராத வேர்வை. "அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. கோவமா இருக்காரோன்னு இருக்கு. கோவமா இருக்கறவர் கழுத்துல எப்படி சார் கை வைக்கிறது?"

உகாய் பையைத் துழாவினார். மருந்துப் பொட்டலம் தீர்ந்துபோயிருந்தது. மணி மூன்று இருபது. வெயில் ஜன்னல் சட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இருந்தது.

"கடல்" என்றார். "போதும். கேமராவ இறக்குங்க. கரைக்குப் போவோம்."

ஆட்கள் கேமராவின் காலைத் தளர்த்த ஆரம்பித்தார்கள். குரெமட்சு உட்கார்ந்து தன் அட்டையைப் பார்த்தார். பிறகு ஃபுசாயேயைப் பார்த்தார். கேமராவையும் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"டைரக்டர் சார். கவுத்துப் போட்டுக் கொன்னதா வெச்சுக்கலாமே."

"என்னது?"

"வலைக்காரர் அப்படித்தான் செஞ்சாரு, பின்னால இருந்து. நான் குப்புறப் படுத்துக்கறேன். பாய்க்குள்ள மெதுவா பதில் சொல்லிக்கறேன். தம்பிக்கு மட்டும் கேக்கும். தலை ஆடினாலும் பாய்லதான் முட்டும்."

உகாய் அவரையே பார்த்தார். "முகம் தெரியாதே, குரெமட்சு சார்."

"தெரியாதுதான்."

"உங்களுக்குக் குடுத்த வாக்கு அது."

குரெமட்சு மனைவி பக்கம் பார்த்தார். தாழ்வாரத்தில் ஃபுசாயே காலிப் பெட்டியைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சு சரியாக வரவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டாள்.

"திரும்பிப் படுங்க" என்றாள். "வெளிச்சம் போகுது."

அவர் குப்புறப் படுத்தார். அவள் உள்ளே வந்து, சுருண்டிருந்த அவருடைய இடது காலுறையை இழுத்து நேராக்கிவிட்டு, வெளியே போனாள்.

இருபத்தாறாவது முறை. கேமரா ஒரு நரைத்த பின்னந்தலையில் நின்றது. சயாமா மண்டியிட்டார். கையை ஊதினார். தேய்த்தார்.

"மன்னிக்கணும். கை சில்லுனு இருக்கும்."

சயாமா மெல்லக் குனிந்தார். பின்னந்தலைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். காத்திருந்தார். கடைசி வெயில் அவர் கன்னத்தில் விழுந்தது. திடீரென்று அந்த முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் ஏறுகிறவனின் முகம். பிறகு கைகளை எடுத்து, மிகவும் மரியாதையாக, எந்த விரல் எங்கே என்று பார்த்துப் பார்த்து, அந்தக் கழுத்தில் வைத்தார்.

உகாய் நிறுத்தச் சொல்லவில்லை. பிலிம் தீர்ந்து கேமரா தானாகச் சடசடக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

"செத்தவன்கிட்ட பதிலுக்குக் காத்திருக்கான்" என்றார் யாரிடமும் இல்லாமல். "அதுவும் நல்ல பதிலா வரும்னு. இவன் மனசுல இருக்கறது இதுதான்யா. ஒன்றரை வருஷமா இதைத்தான் எழுதிக் கிழிச்சேன்."

பாயிலிருந்து அடங்கிய குரல் வந்தது. "சார், எந்திரிக்கலாங்களா?"

"என்ன சொன்னீங்க ஐயா அப்போ?" என்று சயாமா அவரைக் கைகொடுத்துத் தூக்கினார். "பரவாயில்லைன்னது கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஏதோ சொன்னீங்களே."

"நாளைக்கு ரயில்ல சளி பிடிக்கும், குல்லா போட்டுக்கங்கன்னேன்."

மறுநாள் காலை ஏழேகால் மணிக்கு சயாமா சவரம் செய்துகொண்டு, குல்லாவோடு, ஒரு பெட்டிப் பயறு இனிப்பு எடுத்துக்கொண்டு குரெமட்சுவின் வீட்டுக்கு வந்தார். கழுத்துக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததற்காகக் கேட்டார். குரெமட்சு இரண்டுக்கும் பதில் சொன்னார். வாசலில் மாறி மாறிக் குனிந்துகொண்டிருந்ததில் ஏழு ஐம்பது ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் ஒன்பது பத்துக்கு. அதுவரை உள்ளே உட்காரவைத்து ஃபுசாயே சோறு போட்டாள். படக்குழுவின் இரண்டு வண்டிகளும் எட்டரைக்குக் கிளம்பின. உகாய் கடலைப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு ஃபுசாயே மகளிர் சங்கத்துக்குப் போய், முகம் வராது, பின்னந்தலை வரும், இடது காதுக்குப் பின்னால் வழுக்கை இருக்கும், காலுறை சாம்பல் நிறம் என்று அடையாளம் சொன்னாள். பஸ் ரத்தாகவில்லை. மதியம் ஆலங்கட்டி கலந்த மழை பெய்தது. குரெமட்சு கழுத்தில் மருந்துப் பட்டி ஒட்டிக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய்ப் புத்தாண்டு அட்டைகள் வாங்கினார். வழக்கமான மூன்றோடு ஒன்று கூடுதலாக வாங்கினார். வீட்டுக்கு வந்து சிறிது நேரம் தூங்கினார்.